துடைப்பத்துக்குள் கரப்பான்

மாமாவின் கணினி மாட்டு வண்டி வேகத்தில் ஓடியது. இலவச கிளீனர் ஒன்றை இறக்கினார். ஆயிரத்துச் சொச்சம் கோளாறு என்று அது சிவப்பெழுத்தில் அலறியது; சரிசெய்யக் காசு கேட்டது. கட்டினார். ரெஜிஸ்ட்ரியை வழித்துத் துடைத்ததில் பிரிண்டர் போன இடம் தெரியவில்லை. வேகம் மட்டும் அதேதான்.

ரெஜிஸ்ட்ரி விண்டோஸின் பத்திரப் பெட்டி. நாலு பழைய காகிதம் கூடுதலாகக் கிடந்தால் வீடு ஆட்டம் காணாது. இந்த வகை கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்டது. 2017இல் நடந்த கூத்து இன்னும் மேல்: புகழ்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் ஹேக்கர்கள் நச்சு நிரலைச் சொருகிவிட, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அது சுமார் ஒரு மாதம் விநியோகமானது.

விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப் அலறாது, காசும் கேட்காது. ஆனால் 2018 முதல் வந்த சில பதிப்புகளில் அதன் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அப்பாவிபோல் உட்கார்ந்திருந்தது. மாமா அதற்கும் டிக் போட்டார். மகள் கல்யாணப் படங்கள் அங்கேதான் இருந்தன.

"மாப்ள, துடைச்சதைத் திருப்பித் தர்ற கிளீனர் இருக்கா?" என்று நேற்று கேட்டார்.

துடைத்தே தீருவேன் என்பவர்கள் முதலில் படங்களை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, ஒரு ரீஸ்டோர் பாயிண்டும் போட்டுவையுங்கள்.