கயிறு பிடிக்க ஒரு மச்சான்

ஏலேய் பேராண்டி, இங்கன வந்து உக்காரு. தண்ணிக்குள்ள முங்குத குட்டி மிசின ஓட்டப் படிக்கப் போறியாமே! ஏரல்ல பொறந்தும் முட்டளவுக்கு மேல ஆத்துல எறங்காத பய நீ. கரையில குத்தவச்சே ஆத்தடியப் பாக்கதுக்கு உத்தியோகம் வந்திருக்குன்னா, காலம் உன்ன நெனச்சுத்தாம்ல நடக்கு.

வேலைக்குக் கொறச்சல் இல்ல. 2023 டிசம்பர் வெள்ளம் நம்மூரு பாலத்த என்ன பாடு படுத்துச்சுன்னு பாத்தியே. தூணடியில மண்ணு இருக்கா, அரிச்சுட்டுப் போயிருச்சான்னு மேல நின்னு எட்டிப் பாத்தா தெரியுமா? ஐஐடி மெட்ராஸ்ல மொளச்ச பிளானிஸ் கம்பெனிக்காரங்க துறைமுகம், அணைன்னு மிசின விட்டுத்தான் அடி பாக்காங்க. பள்ளிக்கரணை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் செஞ்ச ரோசப் 6000, 2010லயே 5289 மீட்டர் ஆழத்துக்கு எறங்கிட்டு வந்துச்சு. நீ மொதல்ல நம்ம வயக்காட்டுக் கெணத்துல எறக்கு.

எறக்குனதும் என்ன செய்வ? சூரப்புலியாச்சே, தரையில மோதி விசிறிய முழு வேகத்துல சுத்துவ. சகதி கலங்கும். இருட்டா இருக்கேன்னு வெளக்க நேரா முன்னால அடிப்ப. மண்ணுத்தூளெல்லாம் அந்த வெளிச்சத்தத் திருப்பிக் காமிராவுக்கே அடிக்கும். ஸ்கிரீன் பூரா வெள்ளை. பாக்கவன் ஆத்துக்குள்ள ஆவின் பண்ணை இருக்கான்னு கேப்பான். வெளக்க ரெண்டு ஓரத்துலயும் தள்ளி வச்சு, தரைக்கு ஒரு சாண் மேலயே ஓட்டு. கலங்கிட்டா சும்மா இரு. சும்மா இருக்கதுல நீ கெட்டிக்காரந்தானே!

எடையையும் கவனிச்சுக்க. ஆத்துத் தண்ணிக்குச் சரியா எடை கட்டுன பத்துக் கிலோ மிசின அப்படியே தூத்துக்குடிக் கடல்ல விட்டா, முங்க மாட்டேன்னு மேலயே நிக்கும். உப்புத்தண்ணி கனம்லா; கால் கிலோ ஈயம் கூடக் கட்டணும். ஆனாலும் ஒரு பொடி மிதக்கப் பாக்க மாதிரியே வச்சிரு. பேட்டரி செத்தா தானா மேல வந்துரும், உன்ன நம்பாண்டாம்.

ரேடியோ அலை தண்ணிக்குள்ள கொஞ்சத்துலயே அடங்கிரும். அதாம்ல கேபிளக் கட்டி விடுதான். தூணச் சுத்திப் பிரதட்சணம் வராத. அதுக்குச் சேர்மன் சாமி கோயில் இருக்கு. சிக்கிட்டுன்னா போன வழியே திரும்பி வா. வெடுக்குன்னு இழுத்தா கேபிள் உன் கையில, மிசின் புன்னக்காயல் பக்கம்.

நீ ரிமோட்டுக் கம்பு ரெண்டையும் பிடிச்சு விளையாடுததெல்லாம் பெருசில்ல. கரையில கேபிள விட்டு விட்டு இழுக்கவன் யாருங்கதுதான் சங்கதி. தூத்துக்குடியில 1961 வரைக்கும் முத்துக் குளிச்சாங்க. முங்குனவன் கயித்தப் பிடிக்க மச்சானத்தான் நிறுத்துவாங்கன்னு சொல்லுவாங்க. தங்கச்சி தாலி கயித்து முனையில தொங்கும்போது எவன் கொட்டாவி விடுவான்?

உங்கூட வாரவனோ கேபிள அக்குள்ல இடுக்கிட்டு ரீல்ஸ் பாக்குத பய. உனக்கு மச்சானும் இல்ல, மச்சானக் கொண்டு வர கல்யாணமும் ஆகல. ஆறுமுகநேரியில ஒரு பொண்ணு இருக்கு. அண்ணன்மாரு ரெண்டு பேரும் உப்பளத்து வேலை, நல்ல உரமேறுன கை. பொண்ணு எப்படின்னு உங்க ஆச்சிகிட்ட கேட்டுக்க. நான் அந்தக் கையத்தான் பாத்தேன். ஞாயித்துக்கிழம போவமா?