ஞாயிற்றுக்கிழமை வண்டி குறித்து ஒரு விக்ஞாபனம்

புது தில்லியில் வீற்றிருந்து இத்தேசத்தின் சகல சரக்குகளுக்கும் சேவைகளுக்கும் விழுக்காடு விதித்தருளும் மகாகனம் பொருந்திய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் சமூகத்திற்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டையில் வசிக்கும் ஒரு சம்சாரி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

வரி என்றதும் முகம் சுளிக்கிறவர்களில் ஒருவனாக என்னை எண்ணிவிட வேண்டாம். அது எங்கள் பிரதேசத்துக்கு முன்பின் அறியாத விருந்தாளி அன்று. ஊருக்கு மேலே நிற்கும் மலைக்கோட்டையை 1791இல் திப்பு சுல்தானின் ஆட்களிடமிருந்து கும்பெனிப் படை கைப்பற்றி, மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் பாரமகால் முழுவதும் கும்பெனியார் வசமானவுடன், துரைமார் செய்த முதற்காரியங்களில் ஒன்று எங்கள் வயல்களை அளந்தது. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே அளந்து பழகிய வித்தையே பிற்பாடு ரயத்துவாரி என்னும் திருநாமம் பூண்டு சென்னை மாகாணமெங்கும் பரவிற்று. அஃதன்றியும், ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்து, அதனால் கஜானாவில் விழுந்த பள்ளத்தைத் தூர்க்கும்பொருட்டு 1939இல் பொது விற்பனை வரியை ஏற்படுத்தினார் என்பதைச் சபையோர் அறிவீர்கள். தங்கள் மன்றத்தின் வம்சாவளியை எவரேனும் எழுதப் புகுந்தால், பாட்டனார் ஸ்தானத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான் வந்து அமர்வார். ஆகவே இதனை உறவுமுறையில் வந்த முறையீடாகவே பாவித்துப் படிக்க வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் சிப்காட்டுக்குப் போய்வருகிறவன் நான். லாரி முதல் மோட்டார் சைக்கிள் வரை தேசத்தார் ஏறிச் செல்லும் வாகனங்கள் பிறக்கின்ற ஊர் அது. அசோக் லேலண்டும் அங்கே, டி.வி.எஸ். மோட்டாரும் அங்கே. ஆறு நாள் ஊராருக்கு வண்டி செய்கிற கை, ஏழாம் நாள் தனக்கென்று ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்க ஆசைப்படுவது மகா பாதகம் ஆகாது என்று நம்புகிறேன். வீட்டில் கார் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய்வர ஒன்று இருக்கிறது. அது பத்தியச் சாப்பாடு மாதிரி, உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், நாக்குக்கு ஒன்றும் சொல்லாது. நான் விரும்புவதோ, கெலமங்கலம் கடந்து தேன்கனிக்கோட்டை வழியாகத் தளிக்கோ, அஞ்செட்டி வளைவுகளில் இறங்கி நாட்றாம்பாளையம் தாண்டி ஒகேனக்கலுக்கோ, பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கியரை மாற்றும்போதே மனம் ஒரு படி மேலே ஏறுகிற மாதிரியான ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி.

இதனை நிர்ணயிக்க என் இல்லத்திலும் ஒரு மன்றம் உண்டு. அரசியல் சட்டத்தின் 279ஏ பிரிவின்படி தங்கள் மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு என்று வகுத்திருக்கிறார்கள் அல்லவா? மாநிலங்கள் யாவும் ஒரே குரலில் கூவினாலும் மத்தியின் சம்மதமின்றி ஒரு தம்பிடி அசையாத இந்த ஏற்பாட்டை வகுத்த மேதாவிகள், என் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வகுத்தார்களோ என்று எனக்கு நெடுநாளாகவே சந்தேகம். முழங்கால் வாதமுள்ள என் தாயார், எட்டாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன், இவர்களோடு அடியேனும் சேர்ந்து மாநிலங்கள். மத்திய அரசு யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மன்றத்தில் முதலில் பிரஸ்தாபத்துக்கு வந்தது தார் ஜீப். 2020இல் புது வடிவில் வந்த அந்த வண்டியைப் பார்த்து மயங்காத ஆண்பிள்ளை எங்கள் ஷிஃப்டில் இல்லை. நீளம் 3,985 மில்லிமீட்டர், 1,497 சி.சி. டீசல் இன்ஜின் வைத்த வகையை வாங்கினால் தங்கள் கணக்கில் அது சிறிய கார், 18 விழுக்காடு. ஆனால் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின் ஸீட்டுக்குப் போகிறவர் முன் ஸீட்டை மடித்து, தலையைக் குனிந்து, ஒற்றைக் காலை உள்ளே நுழைத்து, மற்றைக் காலை எங்கே வைப்பது என்று தியானிக்க வேண்டும். ஷோரூமில் என் தாயார் அதன் எதிரே சற்று நேரம் நின்று, "ஏன்டா, வண்டியோட ஏணியும் தருவாங்களா, இல்ல அது நாம தனியா வாங்கணுமா?" என்று கேட்டார். அதே வண்டியில் ஐந்து கதவுகளோடு 2024 சுதந்திர தினத்தன்று ராக்ஸ் என்றொரு வகை வெளிவந்தது. பாட்டியும் பேரனும் கௌரவமாக ஏறி உட்காரலாம், நீளம் 4,428, ஆகவே 40 விழுக்காடு. தனிக்கட்டை வாலிபன் சிநேகிதனோடு போனால் அது சாமானியர் வாகனம், கதவு இரண்டு கூடிக் கிழவியும் குழந்தையும் ஏறினால் ஆடம்பரம் என்ற இந்தத் தத்துவத்தின் ஆழம் எனக்கு அன்று விளங்கவில்லை.

பிறகு சோளப்பொரி விஷயத்தைப் படித்தபோதுதான் விளங்கிற்று. ஜெய்சால்மர் நகரில் 2024 டிசம்பர் 21ஆம் தேதி கூடிய தங்கள் 55ஆவது கூட்டத்தில், உப்பும் மசாலாவும் தூவிய பொரியைச் சும்மா அள்ளிக் கொடுத்தால் 5, பெயரொட்டிய பொட்டலத்தில் கொடுத்தால் 12, சர்க்கரைப் பாகு ஏற்றிவிட்டால் 18 என்று தெளிவுரை வழங்கினீர்கள். இனிப்பு ஏற ஏற வரியும் ஏறவேண்டும் என்பதே சித்தாந்தம். இதைத் தெரிந்துகொண்ட பின் கார் சந்தையில் எனக்கு எதுவுமே புதிராக இல்லை.

நான்கு மீட்டர் அளவுகோல் தங்கள் மன்றம் பிறப்பதற்கு முன்பே, 2006ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் உதித்தது. பெட்ரோலானால் 1,200 சி.சி., டீசலானால் 1,500 சி.சி., நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமை: இவ்வளவே சிறிய காரின் லட்சணம். அன்று தொட்டு நம் நாட்டுக் கார்கள் வாலறுந்து பிறக்கத் தொடங்கின. 2008இல் 4,160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த டிசையர், 2012இல் மறு அவதாரம் எடுத்தபோது 3,995ஆகக் குறுகிற்று. வண்டிக்குக் குறைந்த நீளம் முழுவதும் டிக்கியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அதில் பெட்டி வைக்க முயன்ற எந்த மாமனாரும் சாட்சி சொல்வார். 2025 செப்டம்பர் 22 முதல் தாங்கள் செஸ்ஸை ஒழித்து, 18 என்றும் 40 என்றும் இரண்டே படிகள் வைத்தது சிலாக்கியமான காரியந்தான். பழைய அட்டவணையைப் புரிந்துகொள்ளவே ஒரு ஆடிட்டர் வேண்டியிருந்தது. ஆனால் அந்த முழக்கோல் மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் அப்படியே இருக்கிறது.

ஜிம்னி என்ற வண்டியின் கதைதான் நெஞ்சை உருக்குவது. ஐந்து கதவு, நான்கு ஸீட், நான்கு சக்கரத்துக்கும் சக்தி, நீளம் தாருக்குச் சமமாய் 3,985. கோலுக்குள் அடங்கிவிட்டது என்று நான் குதூகலித்த நேரத்தில், மகள் விவரத்தாளைப் படித்து, "அப்பா, இன்ஜின் 1,462 சி.சி." என்றாள். பெட்ரோல் இன்ஜின், 262 சி.சி. அதிகம், 40 விழுக்காடு. ஜப்பானில் இதே குலத்துக் குட்டி ஜிம்னி, 660 சி.சி.க்கும் 3.4 மீட்டருக்கும் மிகாத 'கே' ஜாதி வண்டியாய்ப் பதிவாகி, குறைந்த வரி கட்டிக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் திரிகிறது. அங்கேயும் அளவுகோல் உண்டு; ஆனால் அந்தக் கோலுக்குள்ளேயே 1991இல் ஹோண்டா பீட் என்றும் சுஸுகி கப்புசினோ என்றும் கூரை திறக்கிற விளையாட்டு வண்டிகளைச் செய்து, அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே அவர்கள் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். நம் குருகிராமில் செய்து ஜப்பானுக்கு அனுப்பும் ஐந்து கதவு ஜிம்னிக்கு, 2025இன் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் ஏறக்குறைய 50,000 பேர் முன்பதிவு செய்துவிட, இனி வேண்டாம் என்று கம்பெனியாரே கையை உயர்த்தினார்களாம். நாம் செய்கிறோம், அவர்கள் ஓட்டுகிறார்கள். லாரி செய்கிற ஓசூர்க்காரனுக்கு இது பழகிப்போன தர்மம்.

பழைய வண்டி வாங்கலாமே என்பீர்கள். ஜிப்ஸியைத் தேடினேன். 1985இல் வந்து, முப்பது வருஷங்களுக்கு மேல் ராணுவத்தையும் காவல் துறையையும் சுமந்த உத்தம வாகனம். அதன் நீளம் 4,010 மில்லிமீட்டர். கோலைத் தாண்டியது கட்டைவிரல் நகத்தின் அகலம். தவிரவும், பதிவு பெற்ற பழைய கார் வியாபாரியின் லாபத்தின்மேல் பெரிய வண்டி சின்ன வண்டி என்ற பேதமின்றி 18 என்று விதித்ததும் அதே சோளப்பொரிக் கூட்டந்தான். எல்லைக்கு அப்பால் பெங்களூரில் ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் விற்கிற வண்டிகள் மலிந்து கிடக்கின்றன, ஆனால் கே.ஏ. பலகையோடு இங்கே வந்து 12 மாதத்துக்கு மேல் தங்கினால் என்.ஓ.சி., மறுபதிவு, மறுபடியும் ஆயுள் வரி என்று ஆர்.டி.ஓ. ஆபீஸின் படிகளில் ஏறி இறங்கவேண்டும்.

என்.ஓ.சி. இல்லாமல் கர்நாடகத்திலிருந்து இங்கே வந்து தங்கிப் போகிறவர்கள் யானைகள் மட்டுமே. ராகிக் கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து மந்தையாகக் கிளம்பிச் சானமாவுக் காட்டில் முகாமிடும் அவற்றைப் பற்றி நான் பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் உண்டு. எஸ்.யு.வி. என்பது யாது என்று 2022 டிசம்பர் கூட்டத்தில் தாங்கள் அருளிய இலக்கணத்தில் நான்கு நிபந்தனைகள்: ஜனங்கள் பரவலாக அதனை எஸ்.யு.வி. என்று அழைக்கவேண்டும், இன்ஜின் 1,500 சி.சி.க்கு மேற்படவேண்டும்; நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டவேண்டும்; தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே 170 மில்லிமீட்டரேனும் இருக்கவேண்டும். சானமாவு யானை, தும்பிக்கையை நீட்டி அளந்தால், இவற்றில் இரண்டைச் சந்தேகமின்றிப் பூர்த்தி செய்கிறது; மூன்றாவதைக் காட்டிலாகாவினர் பரிசோதிக்கட்டும்; ஜனங்கள் அவ்வாறு அழைக்காத ஒரே காரணத்தால் அது தப்பித்துக்கொண்டிருந்தது. 2023 ஜூலையில் அந்த முதல் நிபந்தனையையும் தளர்த்தி, எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் சரி என்று திருத்தினீர்கள். யானைகளுக்கு இச்செய்தி இன்னும் எட்டவில்லை.

அதே திருத்தத்தில், தரை இடைவெளியைச் சுமையேற்றாத நிலையில் அளக்கவேண்டும் என்றும் சேர்த்தீர்கள். குடும்ப வண்டியைக் குடும்பம் இல்லாமல் அளக்கிற இந்த விதியை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப நாங்க எல்லாரும் சுமையா?" என்றார். இதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் தாங்கள். நான் அவர் பிள்ளை.

நியாயத்தை மறைக்கலாகாது. கோலுக்குள்ளேயே குதூகலம் வைத்த வண்டிகளும் உண்டு. ஐ20 என்-லைன் என்ற கார் 998 சி.சி.யில் டர்போ பூட்டி, 120 குதிரைச் சக்தியோடு 3,995 மில்லிமீட்டரில் நிற்கிறது. மோட்டார் பந்தய மைதானம் இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டையில் பிறப்பதாலோ என்னவோ, அதற்குக் கொஞ்சம் துடுக்கும் உண்டு. 18 விழுக்காடுதான். நான் மனத்தால் அதனை வரித்துவிட்டேன். ஆனால் தக்காளி மண்டிக்கு வரும் லாரிகள் உழுதுவிட்ட எங்கள் சாலையையும், யார் எப்போது கட்டினார்கள் என்று தெரியாத வேகத்தடைகளையும் நினைவூட்டி மத்திய அரசு அதை நிராகரித்தது. மின்சாரக் காருக்கோ கோலே கிடையாது. எவ்வளவு நீண்டாலும் 5 விழுக்காடு. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை திறக்கிற, கதவுகள் சிறகுபோல மேலெழும்புகிற சைபர்ஸ்டர் என்ற இறக்குமதி வண்டி 2025இல் 70 லட்சத்துக்கு மேற்பட்ட விலையில் விற்பனைக்கு வந்தது. சுங்க வரி தனிக் கதை. தங்கள் புத்தகத்தில் அதற்கு 5, என் தாயார் ஏறக்கூடிய ஜிம்னிக்கு 40. சுற்றுச்சூழலைக் காக்கும் பொறுப்பு இவ்விதமாக எழுபது லட்சம் வைத்திருப்பவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதை அறிந்து ஆறுதல் அடைகிறேன்.

ஆகவே தங்கள் அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றொரு புது இனத்தைச் சேர்க்கவேண்டுகிறேன். இலக்கண வாசகத்தையும் தங்கள் பாணியிலேயே வரைந்து அனுப்புகிறேன்: எப்பெயரால் அழைக்கப்படினும், பதிவுச் சான்றில் ஒரு மூதாட்டியும் இரு சிறாரும் காட்டப்பட்டு, அம்மூதாட்டி பிறர் கைகொடாமல் ஏறத்தக்கதும், பின் ஸீட்டில் அமர்வோரின் முழங்கால் முன் ஸீட்டைத் தீண்டாததும், சுமையேற்றிய நிலையிலேயே அளக்கப்பட்டதும், வாரத்தில் ஆறு நாள் கொட்டகையிலேயே நின்று பெட்ரோல் மிச்சம் பிடிப்பதுமான வாகனம், நீளம் பொருட்டன்று, 18 விழுக்காடு.

இந்த வாசகத்துக்கு என் இல்லத்து மன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தெரிவித்திருக்கிறது, அதாவது தோற்றுவிட்டது. தங்கள் விழுக்காடு குறைந்தால் மறுபரிசீலனை செய்யலாம், குறையாவிட்டால் அந்தப் பணத்தில் மாடியில் ஓர் அறை எழுப்பலாம் என்பது மத்திய அரசின் மாற்றுத் தீர்மானம். சிமெண்டுக்கு 28 ஆக இருந்ததை அதே செப்டம்பர் 22ஆம் தேதி 18 ஆகக் குறைத்து, அந்தத் தீர்மானத்துக்குத் தாங்களே பலம் சேர்த்துவிட்டீர்கள் என்பதை மட்டும் மிகுந்த மனவருத்தத்துடன் சபையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ராயக்கோட்டைச் சம்சாரி