ஓரிலைப் பெருக்கம்: பூரணாங்குப்பத்து மதிலோர வழக்காறுகள் குறித்து ஓர் ஆய்வு

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பத்தைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போனால் பூரணாங்குப்பம். அரிக்கமேடு இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. 1945-இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் ரோமானியப் பானை ஓடுகளை எண்ணி வைத்தார். பானைகளில் என்ன செடி இருந்தது என்பதில் அக்கறை காட்டவில்லை. வரலாற்றின் அந்த ஓட்டையை அடைக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: ஒரு வீட்டு மதில் முதல் அடுத்த வீட்டு மதில் வரை. ஆய்வுப்பொருள்: இலை, ஒன்று.

இலை கைமாறும் சடங்குக்கு வாசகம் ஒன்றே. “யக்கா, ஒரு இல கிள்ளிக்கட்டுமா?” “கிள்ளிக்கோ, அதுல இன்னா கெடக்கு.” இதில் செடியின் பெயர் வராது. வந்தால் அது காசு கொடுத்து வாங்கிய செடி, கிள்ள விடமாட்டார்கள்.

இத்துறையின் முதற்பொருள் ரணகள்ளி. இலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் விளிம்புப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். ஜெர்மானியக் கவி கெதே இதில் மயங்கி, வைமாரில் வளர்த்து, நண்பர்களுக்கும் அனுப்பிவைத்தார். மண்ணோ நீரோ கேட்காத செடிக்கு மகாகவியின் சிபாரிசு எதற்கு என்பது ஆய்வாளரின் ஐயம். மடகாஸ்கரிலிருந்து வந்து மதிலோரக் களையாகிவிட்ட ஒன்றைப் பெருக்குவதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கிறது.

மஞ்சள் கரை போட்ட பாம்புக் கற்றாழை வேறு ரகம். இலையைத் துண்டு துண்டாக நறுக்கி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு, மணலில் நட வேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். தலைகீழாக நட்டாலும் பயனில்லை. வேரூன்றச் செய்யும் ஆக்சின் நுனியிலிருந்து அடியை நோக்கியே இறங்குகிறது. எது அடி என்பதைத் துண்டு மறப்பதில்லை, நட்டவர்தான் மறக்கிறார். எல்லாம் சரியாக அமைந்தால் மாதக்கணக்கில் காத்திருந்தபின் குருத்து எட்டிப்பார்க்கும், மஞ்சள் கரை இல்லாமல். அந்த இலையில் மஞ்சள் திசுவும் பச்சைத் திசுவும் ஒட்டுக்குடித்தனம் செய்கின்றன. இலைத்துண்டில் எழும் குருத்து பச்சைப் பக்கத்தைச் சேர்ந்தது. கரை வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத் தரவேண்டும். தாராளமாக இலை கொடுத்துவிட்டு அழகைத் தன் தொட்டியிலேயே வைத்துக்கொள்ளும் இந்தக் கொடைக்கு ஈடாக வேறு கொடையை ஆய்வாளர் கண்டதில்லை. கொடுத்தவர் குற்றமற்றவர், அவருக்கும் இது தெரியாது.

இனி தலையாய சிக்கல்: மணி பிளாண்ட். திருடி வைத்தால்தான் பணம் சேரும் என்பது ஊரார் துணிபு. திருட்டு அவசரத் தொழில். கைக்கு அகப்படுவது காம்போடு ஓர் இலை மட்டுமே. அதைப் பாட்டில் தண்ணீரில் போட்டால் வேர் விடும், பச்சையாகவே இருக்கும், வீட்டுக்காரர் பூரிப்பார். ஆனால் கொடி கிளம்பாது. புதுக் குருத்துக்கான மொட்டு கணுவில் இருக்கிறது. கணு பக்கத்து வீட்டிலேயே தங்கிவிட்டது. 1902-இல் ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரிய அறிஞர், ஒற்றைச் செல்லிலிருந்தே முழுச் செடி எழும்பலாம் என்று எழுதினார். அவர் தனியே வளர்த்த இலைச் செல்கள் பிழைத்தன, பருத்தன, பிரிந்து பெருகவில்லை. பாட்டில் இலையின் நிலையும் ஏறக்குறைய அதுவே: சாகாது, சம்பாதிக்காது. செல்வம் சேராத வீடுகளுக்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களுள் இது ஒன்றே தாவரவியல் ஆதாரம் உள்ளது.

ஆகவே திருட எண்ணுவோர் கவனத்துக்கு: கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை தண்டும் சேர்த்து, கூரான கத்தியால் வெட்டவும். அதற்குள் நாய் குரைத்துவிடும். பேசாமல் கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.