சபையா, சீட்டா?

கேள்வி: இயேசு சபைக் கல்லூரி, கத்தோலிக்கக் கல்லூரி... எதற்கு மவுசு அதிகம்?

பதில்: மயிலாப்பூர் ஒசத்தியா, சென்னை ஒசத்தியா என்கிறீர்கள்! இயேசு சபையே கத்தோலிக்கத் துறவற சபைகளில் ஒன்றுதான். படிப்பு விஷயத்தில் அவர்களுக்குப் பெயர் கொஞ்சம் தூக்கல், அவ்வளவே. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரி அவர்களுடையது. அப்துல் கலாம் இயற்பியல் படித்தது அங்கேதான். சென்னை லயோலாவும் (1925) அவர்களுடையதே. அதற்காக மற்ற சபைகள் இளைத்தவை அல்ல. ஸ்டெல்லா மாரிஸ், பிரான்சிஸ்கன் கன்னியருடையது. அமெரிக்காவின் நோட்டர் டேம், திருச்சிலுவை சபையுடையது. பி.காம். சீட்டுக்காக மார்க் ஷீட் நகலோடு வரிசையில் நிற்கும் அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கிப் பாருங்களேன். "சரிங்க, கட்-ஆஃப் எவ்வளவு?" என்பார்.