ஸ்கீ வாங்கியல்: மூலமும் உரையும்

ஒன்ராறியோ மாகாணத்தில் பகுதிநேர வேலை பார்ப்போர், தொடக்கநிலையைத் தாண்டிய பின் சொந்தமாகப் புது ஸ்கீ வாங்கும் நெறியை ஆராய்வது இச்சிறுநூல். நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே ஆதலால் மூலத்தில் விளங்காதது உரையில் விளங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவையடக்கம் கூறுவது மரபு. ஸ்கீக் கடைச் சுவரில் தொங்கும் விலைச்சீட்டுகளைப் பார்த்தவருக்கு அடக்கம் தானே வந்துவிடும் என்பதால் அது இங்கே விடப்பட்டது.

முன்னோர் கருத்தை முதலில் காண்போம். சுவீடனின் கால்வ்த்ரேஸ்க் என்னும் ஊர்ச் சதுப்பில் 1924இல் கிடைத்த மரப்பலகை ஏறத்தாழ 5,200 ஆண்டுப் பழமையானது. அதற்குரியவர் தொடக்கநிலையா இடைநிலையா என்று சொல்ல வழியில்லை, ரசீதும் கிடைக்கவில்லை. ஆகவே நமக்குப் பயன்படும் சான்று 1947இல்தான் தொடங்குகிறது. அவ்வாண்டு, பால்டிமோரில் விமானக் கொம்பனியொன்றில் பொறியாளராக இருந்த ஹவர்ட் ஹெட் என்பவர் வெர்மொன்ட் மாநிலத்து ஸ்டோ மலைக்குச் சறுக்கப் போனார். சரியாக வரவில்லை. குற்றம் தன்னிடத்தில் இல்லை, காலில் கட்டிய மரப்பலகையில்தான் என்று முடிவு கட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையே இடித்துக் கட்டினார். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரத்தை வைத்து ஒட்டி, செய்ததையெல்லாம் முறித்து, மறுபடி செய்து, 1950இல் ‘ஹெட் ஸ்டாண்டர்ட்’ என்ற ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் திரும்புவது அத்தனை எளிதாக இருந்ததால் ‘ஏமாற்றுப் பலகை’ என்று பட்டம் கிடைத்தது. பின்னாளில் தன் ஸ்கீக் கொம்பனியை விற்றுவிட்டு டென்னிஸ் ஆடப் போனார். அதுவும் சரியாக வரவில்லை. பெரிய தலை கொண்ட பிரின்ஸ் ராக்கெட் பிறந்தது.

இதைக் கருவிப்பழிக் கோட்பாடு என்போம். இடைநிலைச் சறுக்காளர் அனைவரும் இக்கோட்பாட்டினரே. ஒரு வேறுபாடுதான்: ஹெட் பலகையைச் செய்தார், நாம் வாங்குகிறோம்.

இனி நூற்பா.

நீலத்து நிமிர்ந்தும் கருமையில் குனிந்தும்
சறுக்குவோன் தானே இடைநிலை யோனே.

என்பது, இடைநிலையோன் இலக்கணம் கூறிற்று. நீலம் என்றது நீலச் சதுரக் குறி நட்ட நடுத்தரச் சரிவை. கருமை என்றது கரிய வைரக் குறி நட்ட கடுஞ்சரிவை. பச்சை வட்டம் கூறாதது என்னையெனின், அங்கே ஆறு வயதுப் பிள்ளைகள் ஊன்றுகோலும் இல்லாமல் இடைநிலையோனைத் தாண்டிச் செல்வதால் அவன் அவ்விடம் செல்லுதல் இல்லை என்க. குனிதல் ஈண்டுப் பணிவு அன்று, அச்சம். அஞ்சினவன் உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பான். சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியைப் பிடிக்காது. பிடிக்காதபோது அவன் பலகையைப் பழிப்பான். கோட்பாடு மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டது.

மணிக்கணக் கன்றோ விலைக்கணக் காவது
பகுதிநேர வேலை பார்ப்பவர் தமக்கே.

என்பது, நாணய இலக்கணம். 2025 அக்டோபர் முதல் இம்மாகாணத்தின் பொதுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டொலர் 60 சதம். சப்பாத்தைப் பலகையில் பூட்டும் பைண்டிங்கோடு சேர்த்து 899 டொலர் என்று சீட்டுப் போட்ட ஒரு சோடியை எடுத்துக்கொள்வோம். சீட்டில் உள்ள தொகை கணக்கு அன்று. 13 சதவீத எச்.எஸ்.டி. வரி காசாளர் முன்னால்தான் முகம் காட்டும். ஆக 1,015 டொலர் 87 சதம். அதாவது ஏறத்தாழ 58 மணி நேரம். கிழமைக்கு 20 மணி நேரம் கோப்பிக் கடையில் நிற்பவருக்கு அது மூன்று கிழமை உழைப்பு, அதுவும் சி.பி.பி. ஓய்வூதிய, இ.ஐ. வேலைக்காப்புறுதிப் பிடித்தங்களை மறந்துவிட்டால். அதே பலகை, சென்ற ஆண்டு நிறத்தில், 40 சதவீதக் கழிவில் கிடைக்குமானால் வரியோடு 610 டொலருக்குச் சற்றுக் குறைவு. 35 மணி நேரம். ஸ்கீக் கொம்பனிகள் ஒரு மாடலின் உள்ளமைப்பைப் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு அப்படியே வைத்துக்கொண்டு மேற்பூச்சை மட்டும் மாற்றுகின்றன. எனவே இவ்வாண்டு நீலத்துக்கும் சென்ற ஆண்டுச் செம்மஞ்சளுக்கும் இடைப்பட்ட தூரம் 23 மணி நேரம் என்று முதன்முறையாக அளந்து கூறப்படுகிறது.

பகுதிநேரத்தாருக்கு வறுமை மட்டுமே உரியது என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அவர்க்குச் செவ்வாய்க்கிழமை உண்டு. முழுநேரத்தார் அனைவரும் சனிக்கிழமை லிஃப்ட் வரிசையில் நின்று ஒருவர் பலகையை ஒருவர் மிதித்துக் கீறிக்கொண்டிருக்க, இவர் ஷிஃப்ட் இல்லாத வார நாளில், பல மலைகளில் மலிவாக விற்கும் வார நாள் பாஸோடு, வரிசையே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருப்பார். ஆகவே ஒரு சோடியை ஒரு பருவத்தில் எத்தனை நாள் கட்டுவோம் என்ற கணக்கில் இவர் முழுநேரத்தாரை மிஞ்சிவிடலாம். வாடகைக்கு எடுப்பதா சொந்தமாக வாங்குவதா என்னும் வழக்கில் தீர்ப்பைச் சொல்வது இந்த எண்ணிக்கையே. ஆண்டுக்கு மூன்று நாள்தான் போவேன் என்பவர் இந்நூலை இங்கேயே மூடிவிடலாம்.

மலைக்கு வாங்குக மனத்துள மலைக்கன்று.

என்பது, இந்நூலின் உயிர்நிலை. ஒரு வரியாய் நின்றது சிறப்பு நோக்கி. ஸ்கீக் கடையில் பரந்த இடுப்புள்ள பலகைகளுக்கே நடுச்சுவர் ஒதுக்கப்படும். இடுப்பு என்றது பலகையின் நடுவகலம். 100 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்றவை முழங்கால் அளவு புதுப்பனியில் மிதப்பதற்கானவை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் போன்ற, 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம் உள்ள மலைகளை நினைத்துச் செய்தவை. நம்முடைய மலையோ கொலிங்வுட் பக்கத்து ப்ளூ மவுண்டன். நயாகரா செங்குத்துச் சரிவின் ஒரு துண்டு. உச்சியிலிருந்து அடிவரை 219 மீட்டர். அதுவும் தொலைவு என்பவருக்கு ரொறன்ரோ நகராட்சி நடத்தும் ஏர்ல் பேல்ஸ் பூங்கா உண்டு. அங்கே மலை என்ற சொல்லை உபசாரமாகவே ஆளவேண்டும். தென் ஒன்ராறியோப் பனியில் பெரும்பகுதி இயந்திரம் தெளித்தது. பகலில் இளகும், இரவில் இறுகும், காலையில் தட்டினால் சத்தம் கேட்கும். இந்தத் தரையில் மிதப்பதற்கு ஒன்றுமில்லை, பிடிப்பதற்குத்தான் வேலை. பிடிப்பது உருக்கு விளிம்பு. சால்ஸ்பூர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926இல் காப்புரிமை பெற்ற அவ்விளிம்பு இல்லாவிட்டால் ப்ளூ மவுண்டனில் திங்கள் காலை எட்டு மணிக்கு ஒருவரும் நிற்க முடியாது. இடுப்பு ஒடுங்கிய பலகை விரைவாக விளிம்பின்மேல் சாயும். அகன்றதைச் சாய்க்கக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்கவேண்டும். எனவே 75 முதல் 85 மில்லிமீட்டர் என்பது இவ்வாசிரியர் துணிபு. விஸ்லருக்கு எப்போதாவது போகநேர்ந்தால் அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்க.

பலகையின் நீளமும் திரும்பு வட்டத்தின் ஆரையும் இங்கே சொல்லத்தக்கன. ஒரு காலத்தில் கையை உயர்த்தி மணிக்கட்டு அளவுக்குப் பலகை வாங்குவார்கள். 200 சென்ரிமீட்டர் என்பது மானப் பிரச்சினை. 1993இல் ஸ்லோவேனியாவின் ஏலான் கொம்பனி எஸ்.சி.எக்ஸ். என்ற, முனையும் வாலும் அகன்று நடு ஒடுங்கிய பலகையைக் கொண்டுவந்த பின் அந்த மானம் போயிற்று. இன்று இடைநிலையோனுக்கு நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட நீளமும், 13 முதல் 16 மீட்டர் ஆரையும் போதும். 219 மீட்டர் மலையில் 20 மீட்டர் ஆரையுள்ள பலகையை வாங்கினால் மூன்றாவது திருப்பம் வாகனத் தரிப்பிடத்தில் முடியும்.

“இப்போது கொஞ்சம் கடினமாக இருக்கும், நீங்கள் முன்னேறும்போது சரியாக வரும்” என்று விற்பனையாளர் கூறுவது வழக்கம். வளரும் பிள்ளைக்குப் பெரிய சட்டை எடுக்கும் நியாயம் இது. சட்டை பிள்ளையை மரத்தில் மோதவிடாது, பலகை விடும். விறைப்பான பலகை வளைவதற்கு வேகமும் அழுத்தமும் வேண்டும். மெதுவாகப் போகிறவனுக்கு அது வளையாது; வளையாதது திரும்பாது. டைட்டானல் தகடு வைத்தது என்றும் சொல்வார்கள். அது டைட்டேனியம் அன்று, அலுமினியக் கலப்புலோகம். ஹெட் ஒட்டிய தகட்டின் பேரப்பிள்ளை. வேகத்தில் அதிர்வை அடக்க நல்லது. உடல் கனமானவரும் வேகம் விரும்புபவரும் கொள்க. ஏனையோர் அந்தத் தொகையை மிச்சம் பிடிக்க.

கடையில் நிகழும் ஒரு சடங்கைப் பதிவு செய்யாமல் விட்டால் ஆய்வு முழுமை பெறாது. வாங்க வந்தவர் பலகையின் வாலைத் தரையில் ஊன்றுவார். இடக்கையால் முனையைப் பிடித்து, வலது உள்ளங்கையால் இடுப்பில் ஓர் அமுக்கு அமுக்குவார். ஒரு கண்ணைச் சுருக்கிப் பலகை ஓரமாகப் பார்ப்பார். பிறகு மெல்லத் தலையசைப்பார். பக்கத்தில் நிற்பவரும் தலையசைப்பார். அமுக்கியதில் என்ன தெரிந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. விளிம்பில் நகத்தை இழுத்து, நகம் சுரண்டுப்பட்டால் “ம்” என்பது இதன் உட்பிரிவு.

திறமை ஏற்றியும் எடையினை இறக்கியும்
உரைப்பது கொள்வோர் இயல்பென மொழிப.

என்பது, பைண்டிங் இலக்கணம். விழும்போது சப்பாத்தை விடுவிக்கும் இந்தப் பொறியின் விசையை ஓர் எண்ணால் குறிப்பர். டின் எண் என்பது வழக்கு. எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், சறுக்கும் வகை ஆகியவற்றைக் கேட்டு, அட்டவணையில் வரிசை பார்த்து, கடைத் தொழில்நுட்பர் அதைத் திருகுவார். வகை மூன்று: நிதானத்தார், நடுவார், வேகத்தார். நடுவார் ஒருவர் தன்னை வேகத்தார் என்று எழுதிக்கொடுத்தால் அட்டவணையில் ஒரு வரிசை கூடும், பொறி இறுகும், விழும்போது தாமதமாக விடும். இனி எடை. 67 முதல் 78 கிலோ வரை ஒரு வரிசை, 79 முதல் 94 வரை அடுத்தது. 81 கிலோ உள்ளவர், பக்கத்தில் ஆள் நிற்பதால், 77 என்று எழுதினால் ஒரு வரிசை குறையும், பொறி இளகும். இரண்டு பொய்யும் சேர்ந்து ஒன்றையொன்று கழித்து, எண் இருக்கவேண்டிய இடத்தில் வந்து நிற்கும். இதனைப் பொய்ச்சமன் தேற்றம் என்க. முழங்காலை முறிப்பது பாதிப் பொய்யே. 50 வயதானவருக்கு ஒரு வரிசை குறைக்கவேண்டும் என்ற விதியும் அட்டவணையில் உண்டாதலின், வயதையும் குறைத்துச் சொல்லும் மூன்றாம் பொய் தேற்றத்தைக் குலைக்கும். அவர்கள் உண்மை பேசுவது நலம்.

பழையது மலிவு என்று பழைய பைண்டிங்கோடு ஒரு சோடியை யாரிடமாவது வாங்கலாமா எனின், பார்த்து வாங்குக. உற்பத்தியாளர்கள் தாங்கள் இன்னும் பொறுப்பேற்கும் மாடல்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இருந்து விழுந்த பைண்டிங்கை எந்தக் கடையும் தொட்டுத் திருகித் தராது. அப்போது நாற்பது டொலருக்கு வாங்கியது சுவரில் மாட்ட மட்டும் உதவும்.

சப்பாத்து இந்நூலின் புறத்தது ஆயினும் ஒரு சொல். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் சப்பாத்தைப் புதிதாக வாங்கி, பலகையைப் பழையதாக வாங்குக. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெற்றுக் கூட்டுக்குள் காலை விட்டு, பெருவிரல் முன்னே தொட, குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை விரல் இடம் இருந்தால் அளவு சரி. வசதியாக இருக்கிறது என்று ஒரு அளவு கூட்டி வாங்குவோர் மிகப் பலர். அவர்கள் திருப்ப நினைப்பது காலை, திரும்புவது காலுறை.

தள்ளு படியது வளர வளரத்
தக்க நீளம் தேயும் பங்குனி.

என்பது, காலம் கூறிற்று. புது மாடல்கள் புரட்டாசி ஐப்பசியில் முழு விலையோடு வரும். பருவம் முடியும் பங்குனியில் அவையே கழிவு விலைக்கு இறங்கும். அந்நேரம் சட்டகத்தில் நிற்பவை இரண்டே வகை. 149 சென்ரிமீட்டர், 184 சென்ரிமீட்டர். சராசரி உயரமுள்ள அனைவரும் கார்த்திகையிலேயே வந்து நடுவிலுள்ளதை எடுத்துப் போயிருப்பர். ஆகவே குள்ளரும் நெட்டையரும் பங்குனியில் செல்க. அவர்க்கு இயற்கை 23 மணி நேரம் தள்ளுபடி கொடுத்திருக்கிறது. ஏனையோர் மாசி முடிவில் முதல் கழிவுச் சீட்டு ஒட்டிய அன்று, அது செவ்வாயாக இருந்தால் இன்னும் நன்று, கடை திறக்கும்போது வாசலில் நிற்க. அன்றும் 163 இல்லையோ எனின், உண்டு. புது நிறத்தில், முழு விலையில் என்க.