கரையேற்றும் பெருமானுக்கு ஒரு விக்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ, உல்லாசக் கப்பலின் கரையிறக்க இலாகா அதிகாரி அவர்களின் திவ்விய சமூகத்துக்கு, அதே கப்பலின் கீழ்த்தளத்தில், ஜன்னல் என்னும் பிரபஞ்ச மாயை இல்லாத அறையில் வசிக்கும் அடியேன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. உபயகுசலோபரி.

இப்பவும், இன்று காலை சாந்தோரினித் தீவின் முன்னே நமது கப்பல் வந்து நின்றபோது, நாடக அரங்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்து பெற்ற 22ஆம் எண் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, அவ்வெண் ஒலிபெருக்கியில் அழைக்கப்பெற்ற அக்கணமே எழுந்து, லிஃப்டுகள் அனைத்திலும் தங்கள் கட்டணச் சுற்றுலாக் கோஷ்டியினரே நிறைந்திருந்தமையால் படிக்கட்டு வழியாகவே இறங்கிப் படகு வாயிலை அடைந்த என்னை, அங்கே துவாரபாலகராக நின்ற தங்கள் சிஷ்யப் பிள்ளையாண்டான் ஏற இறங்கப் பார்த்து, "22 முடிந்துவிட்டது; மேலே போய் வேறு எண் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று திருவாய் மலர்ந்து, என் மார்பிலிருந்த ஸ்டிக்கரைத் தம் நகத்தாலேயே சுரண்டி எடுத்து, அருகிலிருந்த குப்பைக் கூடையில் சேர்ப்பித்தார். இறங்கிவரும் ஜனத்திரளுக்கு எதிராக, பசை பிசுபிசுக்கும் சட்டையோடு, வழிவிடுங்கள் வழிவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே நான் ஏறினேன். வெயில் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாய் என் பின்னால் ஏறிவந்த என் சம்சாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தின் தன்மையை விவாகமானவர்கள் அறிவார்கள்.

கடலில் தத்தளிக்கும் ஆன்மாக்களைக் கரையேற்றுவது ஞானாசிரியர்களின் தொழில் என்று பால்யத்திலிருந்தே கேட்டிருக்கிறேன்; ஆனால் எந்த ஆசாரியரும் தங்களைப்போல் இத்தனை நுட்பமாகப் பக்குவபேதம் பார்த்தாரில்லை. சைவ சித்தாந்திகள் ஆன்மாக்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என்று மூன்றே வகுப்பாக்கி, அத்துடன் களைத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். தங்கள் சாஸ்திரமோ விசாலமானது. மாடம் வைத்த பெரிய அறைகளில் வசிப்போர் விஞ்ஞானகலர். அவர்களுக்கு எண்ணும் இல்லை, வரிசையும் இல்லை, சிப்பந்தி ஒருவர் முன்னே நடந்து படகு வரை கொண்டுவிடுகிறார். வைரம், பிளாட்டினம் என்று பட்டம் பெற்றவர்கள் பிரளயாகலர். இவர்கள் முற்பிறவிகளில், அதாவது முந்தைய கப்பற் பிரயாணங்களில், ஈட்டிய புண்ணியம் புள்ளிகளாகத் தங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. சித்தாந்திகள் கனவிலும் காணாத மூன்றாம் வகுப்பு, தங்கள் விற்பனை மேஜையில் சுற்றுலாச் சீட்டு வாங்கியவர்கள். தட்சிணை வைத்த மாத்திரத்தில் மலம் நீங்கியவர்கள். எஞ்சிய நாங்கள் சகலர்; மும்மலமும் உடையோம். தீவைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்னும் ஆணவம், முன்பு தங்கள் கப்பலில் ஏறாத கன்மம், உள்ளூர்ப் பஸ் கால அட்டவணையை மெய்யென்று நம்பும் மாயை. எங்களுக்கு மலபரிபாகம் வரும்வரை அரங்கத்தில் உட்கார்த்தி வைப்பது தங்கள் கருணையே அன்றி வேறென்ன?

படகில்தான் கரைக்குப் போகவேண்டியிருக்கிறது என்பதற்குத் தங்களை நோவது அநியாயம். அந்தக் குற்றம் எரிமலையைச் சார்ந்தது. மலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்து, இடத்துக்கு இடம் 300 மீட்டருக்கும் மேலாக ஆழ்ந்து கிடக்கும்போது நங்கூரம் எங்கே போய்த் தரையைத் தேடும்? அதுவன்று என் குறை. ஒரே தீவுக்கு இரண்டு கரை வைத்திருக்கும் தங்கள் சாமர்த்தியத்தையே வியக்கிறேன். சீட்டு வாங்கிய புண்ணியாத்மாக்களை அதினியோஸ் துறையில் இறக்கினால், அங்கே பஸ் காத்திருந்து மலைமேல் ஏற்றிச் செல்கிறது. எங்களையோ ஃபிராவின் பழைய துறையில் இறக்குகிறீர்கள். அங்கிருந்து ஊருக்குச் செல்ல 588 படிகள், அல்லது கழுதை, அல்லது சுவரோரமாக வளைந்து நெளிந்து வெயிலில் வாடும் கேபிள் கார் வரிசை. அந்தக் கழுதைகள் மீதாவது 100 கிலோவுக்கு மேல், அல்லது அவற்றின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பாரம் ஏற்றலாகாது என்று 2018இல் கிரேக்க அரசாங்கம் விதி வகுத்தது. சகலர்மேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இன்னும் விதி பிறக்கவில்லை.

புதிய எண்ணுக்காக அரங்கத்தில் மறுபடி உட்கார்ந்திருந்தபோது, தங்கள் மேஜையிலிருந்து ஓர் அம்மணி வரிசை வரிசையாக வந்து, "சுற்றுலாவில் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன; வாங்கினால் இப்பொழுதே இறங்கலாம்" என்று கூவிக்கொண்டு போனார். இப்பொழுதே! அப்படியானால் படகு இருக்கிறது. படகில் இடமும் இருக்கிறது. இல்லாதது எங்கள் பணம் மட்டுமே. கோடை மாதங்களில் இத்தீவில் இறங்கும் கப்பற் பிரயாணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ என்று 2025இல் ஏற்பட்ட வரி, மாடத்து அறைக்காரருக்கும் எனக்கும் ஒன்றுதானே? துறைமுகக் கட்டணமும் ஒன்றுதானே? பிறகு எதற்கு இந்த நாடகம்? ஜனங்களை அடைத்து வைத்து, பொழுதைக் கரைத்து, அவர்களுடைய பதற்றத்தையே சரக்காக்கி விற்பதற்குப் பெயர் நிர்வாகம் அன்று, வழிப்பறி.

க்ஷமிக்க வேண்டும். ஆணவ மலம் சற்றே மேலெழுந்துவிட்டது. சமூகத்தின் கிருபைக்கு என்றும் பாத்திரமாயிருக்கவே விரும்புகிறேன்.

நான் பார்க்க ஆசைப்பட்டது, தங்கள் சுற்றுலாப் பட்டியலில் இடம்பெறாத அக்ரோதிரி. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1967இல் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் தோண்டத் தொடங்கிய பிறகு வெளிப்பட்ட அந்நகரத்தில், இரண்டு மூன்று அடுக்கு வீடுகளும், சுவர்ச் சித்திரங்களும், தானியச் சாடிகளும் இருந்த இடத்திலேயே அகப்பட்டன. எரிமலைக்குப் பலியான மனிதர் உடல் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. நிலநடுக்கத்தை முன்னறிவிப்பாகக் கொண்டு ஊரார் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஊர் முழுவதும், குழந்தை குட்டிகளோடு, தீப்பிழம்பு எழுவதற்குள்! அவர்களிடம் ஸ்டிக்கர் இல்லாதிருந்தது எவ்வளவு பெரிய பாக்கியம். தங்கள் இலாகா அக்காலத்தில் இருந்திருக்குமேயானால் வைரப் பட்டத்தார் மட்டும் தப்பியிருப்பார்கள். அகழ்வாராய்ச்சியாளருக்கும் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கும்.

அக்ரோதிரியை நான் பார்க்கவில்லை. மேலே ஏறிச் சேர்ந்தபோது சூரியன் உச்சி சாய்ந்துவிட்டான். திரும்பும் கேபிள் கார் வரிசையோ காலையினும் நீண்டிருந்தது. சீட்டு வாங்கியவர் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், தனித்துச் சென்றவர் தாமதித்தால் அவர் தம் செலவிலேயே அடுத்த துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று தாங்கள் அச்சிட்டுக் கொடுத்த உபதேசம் சட்டைப்பையில் கனத்தது. ஃபிராவின் அருங்காட்சியகத்தில் மாத்திரம் சிறிது நேரம் நின்றோம். அக்ரோதிரிச் சுவரிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த சித்திரத்தில் நீலக் குரங்குகள் பாறைமேல் தாவி ஏறிக்கொண்டிருக்கின்றன, யாதோர் எண்ணும் ஒட்டாமல். என் சம்சாரம் இன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தது அங்கேதான்.

ஆகவே சமூகத்தில் ஒரு விண்ணப்பம். வரிசையைச் செம்மைப்படுத்துங்கள், லிஃப்டுகளில் ஒன்றையாவது சகலருக்கு ஒதுக்குங்கள் என்றெல்லாம் கேட்டுத் தங்கள் சாஸ்திரத்துக்குப் பங்கம் விளைவிக்க மாட்டேன். சுற்றுலா, பஸ், வழிகாட்டி, திராட்சை ரசம் ஆகிய அலங்காரங்கள் ஏதுமின்றி, கரையேற்றத்தை மட்டும் தனியே விற்றால் என்ன விலை என்பதைப் பகிரங்கமாக அறிவித்துவிடுங்கள். நாளை மறுநாளும் படகுத் துறைதானாம். எவ்வளவானாலும் கட்டிவிடுவோம் என்கிறாள் என் சம்சாரம். காலணா தரமாட்டேன் என்கிறேன் நான். இராப்போஜனத்தின்போது தொடங்கிய இவ்வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. தங்கள் விலைப்பட்டியல் விடிவதற்குள் வந்துசேர்ந்தால், எங்கள் இருவரில் ஒருவருக்காவது உறக்கம் வரும்.

இங்ஙனம்,
தங்கள் கடாட்சத்தை எதிர்நோக்கும்
சகலரில் ஒருவன்