குனிந்த தலை நிமிராதவர்

பிராகு நகரத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். நூறு கோபுரங்களின் நகரம் என்று பெயர் வாங்கிவிட்ட அந்த ஊரில், மாதா கோயில்களின் கூம்புகளையும், மாடங்களில் நின்று அருள்பாலிக்கும் அர்ச்சிஷ்டர்களையும், குன்றின்மேல் கொலுவிருக்கும் அரண்மனையையும் பார்த்துப் பார்த்துச் சாயங்காலத்துக்குள் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாதவன் பிரயாணியே அல்லன். அப்பேர்ப்பட்ட ஊரில், காலை முதல் இரவு வரையில் குனிந்த தலை நிமிராமல், பெஞ்சுகளின் அடிவயிற்றையும், மழைத்தண்ணீர்க் குழாய்களின் முதுகையும், விளக்குக் கம்பங்களின் பாதாரவிந்தங்களையும் தரிசித்துக்கொண்டு ஒரு மனிதர் போவாரானால், அவரைச் சித்தப்பிரமை பிடித்தவர் என்றோ, பணப்பையைத் தொலைத்தவர் என்றோ அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் ஜியோகேச்சர். சித்தப்பிரமைக்குச் சிகிச்சை உண்டு. தொலைந்த பணப்பையும் ஒரு வேளை அகப்பட்டுவிடும். இவருக்கு மட்டும் விமோசனம் கிடையாது.

இந்த மார்க்கத்தின் ஸ்தல புராணம் மிகவும் சுருக்கமானது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரையில், அமெரிக்க ராணுவத்தின் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சாமானிய ஜனங்களுக்குக் கொடுத்துவந்த தகவலில் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகைக் கலந்து வைத்திருந்தார்கள்; அதனால் கையிலிருக்கும் கருவி நூறு மீட்டர் வரையில்கூடத் தப்பாகச் சொல்லும். அந்தக் கலப்படத்தை நிறுத்திவிடும்படி ஜனாதிபதி கிளின்டன் உத்தரவு போட்டார். மே 3-ஆம் தேதி, ஓரிகன் மாகாணத்து பீவர்கிரீக் என்னும் ஊருக்குப் பக்கத்தில், டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளிக்குள் நோட்டுப் புஸ்தகம், பென்சில், கவண், டப்பாவில் அடைத்த பீன்ஸ் முதலான திரவியங்களைப் போட்டு ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை உலகத்துக்கு விளம்பரம் செய்தார். ஆகாயத்தில் அபாரமான பணச் செலவில் சுற்றிவந்த துணைக்கோள்கள் எல்லாம் சேர்ந்து, பூமியில் ஒரு பீன்ஸ் டப்பாவுக்கு வழி சொல்லலாயின. இன்றைக்கு அப்படி ஒளித்து வைத்து, ஜியோகேச்சர்கள் தேடித் திரியும் பெட்டிகள் உலகமெங்கும் முப்பது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. 1888-லேயே நடைப்பிரயாணத்துக்கென்று சங்கம் வைத்துக்கொண்டு, காட்டிலும் மேட்டிலும் வர்ணக் கோடு தீட்டிப் பாதை போட்ட செக் ஜனங்கள் இந்த விஷயத்தில் பின்தங்குவார்களா? பிராகில் தடுக்கி விழுந்தால் பெட்டி.

ஒரு ஜனவரி மாதத்தில் எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதாக வாக்களித்து அழைத்துப் போன நண்பர், பிராகிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்த மார்க்கத்தில் பழுத்த அநுபவஸ்தர். அவருடைய மேலங்கியின் பைகளில் இருந்தவற்றை நான் பிற்பாடு பார்க்க நேர்ந்தது. பல் வைத்தியர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சிறு கண்ணாடி, இழுத்தால் நீளும் கம்பியின் நுனியில் ஒரு காந்தம், புருவத்து மயிரைப் பிடுங்கும் இடுக்கி, ஒரு கைவிளக்கு, குளிரில் பேனா மை உறைந்துபோகுமாகையால் கட்டையாய்ச் சீவிய பென்சில்கள். கைப்பேசிக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியை மாத்திரம் சட்டைக்குள்ளே, மார்போடு அணைத்து வைத்திருந்தார். குளிர் பட்டால் அதன் ஜீவன் ஒடுங்கிவிடுமாம். எங்களுடைய ஜீவன் ஒடுங்குவதைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

பழைய நகரச் சதுக்கத்தில், 1410-ஆம் வருஷத்திலிருந்து இருந்துவரும் வானசாஸ்திரக் கடிகாரத்தின் முன்னால், பதினோரு மணிக்குச் சற்று முன்னதாகவே எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவருடைய ரசிகத்தன்மையை நாங்கள் மெச்சிக்கொண்டோம். மணி வந்தது, எலும்புக்கூடு மணியை அடித்தது, மேலே இரண்டு ஜன்னல்களும் திறந்துகொள்ள, அப்போஸ்தலர்கள் வரிசையாகப் பவனி வந்தார்கள், கூடியிருந்த ஜனசமூகம் முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தது. நண்பர் எதிர்பார்த்திருந்த முகூர்த்தம் அதுதான். ஜியோகேச்சருடைய சாஸ்திரத்தில், தேடுகிறவரை அந்நியர் கண் கண்டுவிடக் கூடாது. ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாத சாதாரண மனிதருக்கு வைத்த ‘மகிள்’ என்ற பெயரையே இவர்கள் நம்மைப் போன்றவர்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். அத்தனை மகிள்களும் மேலே நோக்கியிருந்த அந்தக் கணத்தில், நண்பர் சதுக்கத்தின் ஓரத்திலிருந்த ஒரு பெஞ்சுக்கு அடியில் மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். சேவல் கூவி, கூட்டம் கலைந்த பிறகு, முழங்கால் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தவரை, “எப்படி இருந்தது?” என்று கேட்டோம்.

“காந்தம் நல்ல பிடிப்பு” என்றார்.

அங்கிருந்து சார்ல்ஸ் பாலம். நாலாம் சார்ல்ஸ் சக்கரவர்த்தி 1357-ஆம் வருஷம், ஒன்பதாந்தேதி, ஏழாம் மாதம், காலை 5 மணி 31 நிமிஷத்துக்கு இதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார் என்று ஐதிகம். 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஒற்றை எண்கள் ஏறி இறங்கும் விசேஷத்துக்காகவே அந்த முகூர்த்தம் குறித்தார்களாம். இதைச் சொன்னபோது நண்பரின் முகத்தில், சக்கரவர்த்தியும் நம்மவர்தான் என்ற பந்துத்வப் பெருமிதம் தோன்றிற்று. பாலத்தின்மேல் முப்பது சிலைகள் நிற்கின்றன. அவற்றுள் 1683-இல் நிறுவிய நெபோமுக் அர்ச்சிஷ்டரின் சிலையண்டை எங்கள் கோஷ்டியிலிருந்த சரித்திர ஆசிரியர் நின்றுவிட்டார். ராணி பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன ரகசியத்தை அரசன் கேட்டும் வெளியிட மறுத்ததால், 1393-இல் இதே பாலத்திலிருந்து அந்தப் பாதிரியாரை ஆற்றில் தள்ளினார்கள் என்றும், அவர் மூழ்கிய இடத்தில் நீரின்மேல் நட்சத்திரங்கள் ஜொலித்தன என்றும் வழங்கும் கதையை அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று முழுவதிலும் நண்பர் தலை நிமிர்ந்தது அப்போது ஒரு தடவைதான். அர்ச்சிஷ்டரின் தலையைச் சுற்றியிருந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார். ஆசிரியரின் குரல் தழுதழுக்கும் கட்டத்தில், அவர் காதோரமாக, “ஐந்துதானே? ஆறு இல்லையே?” என்று கேட்டார். நட்சத்திரங்களின் எண்ணிக்கையைச் சிலையின் வருஷத்தோடு கூட்டி, வேறொரு பலகையிலுள்ள எண்ணால் பெருக்கினால், அடுத்த பெட்டியின் தீர்க்கரேகையில் கடைசி மூன்று இலக்கங்கள் வரும் என்பது கணக்கு. ரகசியத்துக்காகப் பிராணனை விட்ட மகான் இப்படிப் பெருக்கல் வாய்ப்பாட்டில் சேர்ந்தார்.

கணக்கின் விடை எங்களை ஆற்றுக்கு மறுகரையில், மாலா ஸ்த்ரானாவின் சந்துகளுக்குள் கொண்டுபோய் விட்டது. அந்தப் பேட்டையின் சந்துகள் எப்படிப்பட்டவை என்றால், சுமார் அரை மீட்டர் அகலமுள்ள ஒன்றில், எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்து சிக்கிக்கொள்ளாமலிருக்க, மனிதர்களுக்கென்றே சிவப்பும் பச்சையுமாக விளக்கு வைத்திருக்கிறார்கள். இத்தகைய சுவர்களுக்கிடையில் துணைக்கோளின் சமிக்ஞை நேராக வந்து சேராமல் மோதி மோதித் திரும்புவதால், கருவிக்கே மதிமயக்கம் உண்டாகிறது. 4 மீட்டர் என்று காட்டும். இரண்டடி எடுத்து வைத்தால் 19 மீட்டர் என்னும். மணி நாலு அடித்துப் பொழுதும் சாய்ந்துவிட்டது. பனிக்காற்று காதைக் கடித்தது. நண்பர் ஒரு வீட்டுக் குழாயைக் கட்டிக்கொண்டு தடவிக்கொண்டிருக்க, நாங்கள் அவரை மறைத்துக்கொண்டு, அந்த வெற்றுச் சுவரின் கட்டடக் கலையை வியப்பவர்களைப் போலப் பாவனை செய்தோம். நாய்க்குட்டியோடு வந்த ஒரு கிழவி எங்களைக் கடந்து போனவள் திரும்பிப் பார்த்து, சுரத்தில்லாமல், “இன்னும் கொஞ்சம் மேலே, இடது கைப் பக்கம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதைவிட ஒரு ஜியோகேச்சருக்கு மானக்கேடு வேறில்லை. மறைவாகத் தேடுவதாக எண்ணித் தாமும் தம் இனத்தாரும் செய்த சேஷ்டைகளையெல்லாம் அந்த அம்மாள் ஜன்னலிலிருந்து எத்தனை காலமாகக் கண்டு களித்திருக்கிறாளோ என்ற நினைவில் அவர் குன்றிப்போனார். மேலே, இடது பக்கம், பெட்டி கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அவர் அதைத் தொடவில்லை. சந்தின் கோடி வரையில் போய்த் திரும்பி வந்து, கீழேயிருந்து முறைப்படி தேடத் தொடங்கி, வலது பக்கத்தையும் சோதித்துவிட்டு, பிறகுதான் சுயமாகக் கண்டுபிடித்தார்.

அகப்பட்டது என்ன? விரல் நுனியில் உட்காரக்கூடிய ஒரு உலோகக் குப்பி. அதற்குள் சுருட்டிய, தாயத்துத் தகடு போன்ற ஒரு காகித நறுக்கு. கையுறையைக் கழற்றி, விறைத்த விரலால் அதை இடுக்கியில் பிடித்து இழுத்து, மூச்சுவிடாமல் விரித்து, கட்டைப் பென்சிலால் தம் பெயரை எழுதினார். அதுவும் தாய் தகப்பன் வைத்த பெயரில்லை. இந்த ஆட்டத்துக்கென்று வைத்துக்கொண்ட புனைபெயர். அரசர்கள் சிலாசாசனத்தில் தம் பெயரைப் பொறித்தார்கள். அற்பர்கள் கோட்டைச் சுவரில் ஆணியால் கீறுகிறார்கள். நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது இருவருக்கும் பொது. தம்முடையதல்லாத பெயரை, யார் கண்ணிலும் படாத இடத்தில் பொறிப்பதற்காக உறைபனியில் மண்டியிடுகிற இந்தப் புகழாசையை எந்த வகையில் சேர்ப்பதென்று எனக்கு விளங்கவில்லை. அதில் ஒருவிதத் துறவு இருக்கிறதென்றுகூடத் தோன்றுகிறது. எழுதி முடித்ததும், இருந்தபடியே சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது அவர்களுடைய விதி. பட்டணத்தில் அதற்கு மேல் அதிகமாகவும் விடுவதில்லை என்பதை எங்கள் கால்கள் அறிந்தன.

இரவு, பீர் விடுதி ஒன்றின் உஷ்ணத்தில் ஒருவாறு வந்து விழுந்தோம். நண்பர் மேலங்கியைக் கழற்றி, பைகளை மேஜைமேல் காலி செய்து, ஆயுதங்களைத் துடைத்து அடுக்கினார். குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பும், ஆவியில் வெந்து வில்லை வில்லையாக அறுத்த க்னெட்லீக்கி என்ற மாவுப் பண்டமும் தமக்கு வேண்டுமென்று சொல்லி, “இனிமேல் இன்றைக்கு ஒன்றும் கிடையாது, நிம்மதியாகச் சாப்பிடலாம்” என்று அவரே பிரமாணமும் செய்தார். அந்தச் சமயத்தில் அவருடைய கைப்பேசி ஒரு தடவை கிணுகிணுத்தது. 900 மீட்டர் தூரத்தில் அந்த நிமிஷம் ஒரு புதுப் பெட்டியை அறிவித்திருக்கிறார்கள். இன்னும் ஒருவரும் அதில் பெயர் எழுதவில்லை. முதல் பெயர் எழுதும் பாக்கியம் ஜன்மத்தில் எளிதில் வாய்க்காது. கைவிளக்கையும் பென்சிலையும் வாரிக்கொண்டு, ஒரு கையை மாத்திரம் மேலங்கியில் நுழைத்தவராக அவர் வாசலைத் தாண்டிவிட்டார். வழியில் எங்காவது வழுக்கி விழுவாரோ என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில், அவருடைய தட்டு ஆவி பறக்க வந்து சேர்ந்தது.

கால் மணி கழிந்தது. குலாஷ் ஆறத் தொடங்கிற்று. சரித்திர ஆசிரியர் க்னெட்லீக்கியின் பக்கமாகக் குனிந்து, “ஐந்துதானே? ஆறு இல்லையே?” என்றார்.

ஆறுதான் இருந்தது. மிஞ்சியிருந்த மூன்று பேரும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டோம்.